வீட்டுக்கு வந்த மொழிப்பொறி

மனிதரைப்போல் உரையாடும் கணிப்பொறி நிரல்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றைப் பெருநிறுவனங்களின் மாளிகைகளில்தான் இயக்கவேண்டும் என்பதில்லை; வீட்டு மேசையின்மீதும் இயக்கலாம். அதற்கு வேண்டுவது ‘கிராபிக்ஸ் கார்டு’ எனப்படும் வரைகலை அட்டை. எவ்வட்டையைத் தெரிவது என்னும் வினாவுக்கு அதன் வரலாறே விடை கூறுகின்றது.

இவ்வட்டை விளையாட்டுக்காகவே புகழ்பெற்றது. அமெரிக்காவில் 1993இல் தொடங்கப்பெற்ற என்விடியா நிறுவனம், 1999இல் ஜீஃபோர்ஸ் 256 என்னும் அட்டையை வெளியிட்டது. திரையிலுள்ள எண்ணற்ற புள்ளிகளுக்கு ஒரே வகைக் கணக்கை ஒரே வேளையில் செய்வது அதன் தொழில். 2007இல் வெளிவந்த குடா என்னும் மென்பொருள், அவ்வாற்றலைப் பிற கணக்குகளுக்கும் பயன்படச் செய்தது.

2012இல் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவரும் படங்களை இனங்காணும் நரம்பு வலையமைப்பொன்றைப் படைத்து, இமேஜ்நெட் போட்டியில் வென்றனர். அவர்கள் கையாண்டவை கடையில் கிடைத்த ஜிடிஎக்ஸ் 580 அட்டைகள் இரண்டே. ஒவ்வொன்றின் நினைவகமும் 3 கிகாபைட். ஓர் அட்டையில் இடம் போதாமையால், வலையமைப்பை இரண்டாகப் பகுத்து இரண்டிலும் வைத்தனர். அவர்களைக் கட்டுப்படுத்தியது வேகம் மட்டுமன்று; இடமுமாகும். இன்றும் நிலைமை அதுவே.

2023 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம் ‘லாமா’ என்னும் மொழி மாதிரியை ஆய்வாளர்க்கு வழங்கியது. அடுத்த மாதமே கியோர்கி கெர்கானோவ் என்பார், அதனை வீட்டுக் கணிப்பொறியில் இயக்கும் நிரலை எழுதினார். மாதிரியின் எண்களைச் சுருக்கி வைப்பதே இதற்கு உதவிய உத்தி. 700 கோடி எண்கள் கொண்ட மாதிரி, எண்ணுக்கு 16 பிட் வீதம் 14 கிகாபைட் இடம் கொள்ளும். 4 பிட்டாகச் சுருக்கினால் 3.5 கிகாபைட்டே போதும். நுட்பம் சற்றுக் குறையும்; பயன் பெரிதும் குறையாது.

இனி, தெரிவுக்கு வருவோம். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 அட்டைக்கு 24 கிகாபைட் நினைவகம். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4070 அட்டைக்கோ 12 கிகாபைட். 3,300 கோடி எண்கள் கொண்ட மாதிரி, 4 பிட்டாகச் சுருக்கிய பின்னும் 16.5 கிகாபைட் கேட்கும். பழைய அட்டையில் அது முழுதும் அடங்கும், புதியதில் அடங்காது. அடங்காத பகுதியைக் கணிப்பொறியின் பொது நினைவகத்தில் வைத்தால், விடை நத்தைபோல் வரும். ஒவ்வொரு சொற்கூறுக்கும் இத்தகைய மாதிரியின் எண்கள் அனைத்தையும் படித்தாக வேண்டுமன்றோ? ஆதலின் நினைவகத்தைப் படிக்கும் விரைவும் முதன்மையானது. 3090 நொடிக்கு 936 கிகாபைட் படிக்கும். 4070 படிப்பது 504 தான். ஆயினும் முன்னது 350 வாட் மின்சாரம் உண்ணும். பின்னதற்கு 200 வாட் போதும்.

ஆகவே, நண்பர்களே, பெற்றோரின் பணத்தைக் கேட்குமுன் மூன்று வினாக்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இயக்க விரும்பும் மாதிரி எவ்வளவு பெரிது? அது அட்டையின் நினைவகத்தில் அடங்குமா? அவ்வட்டையின் மின்செலவை வீடு தாங்குமா? சிறு மாதிரியே போதுமெனின் சிறு அட்டையே போதும். புதுமையின் பளபளப்பைக் கண்டு மயங்காமல், கணக்கிட்டுத் தெரிவதே அறிவுடைமை.