கார் பேட்டரி: வாரண்டியில் மாற்றித் தர மறுத்தால்?

காலையில் கார் கிளம்பவில்லை என்றால் பிரிஞ்சாங்கில் பழி முதலில் குளிர் மீதுதான் விழும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். விடியற்காலையில் பேட்டரியின் வலு சற்றுக் குறைவது உண்மையே. ஆனால், அதன் ஆயுளைத் தின்பது கீழ்ப்பகுதி வெயிலும் இஞ்சின் சூடும்தான். ஏற்கெனவே நலிந்ததைக் குளிர் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

தோட்டத்து வீடுகளில் இன்னொன்றும் நடக்கிறது. வாரம் முழுவதும் கார் நிற்கும். ஞாயிறன்று தானா ராத்தா வரை ஒரு சிறு ஓட்டம். கிளப்பச் செலவான மின்சாரம் அதற்குள் திரும்பி ஏறாது. இப்படிச் சார்ஜ் இறங்கிய பேட்டரி வேறு, பழுதான பேட்டரி வேறு. வாரண்டி பழுதுக்கு மட்டும்தான். கடைக்காரர் மறுக்கும்போது சொல்லும் காரணமும் இதுவே. சில வேளைகளில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

ஆகவே சோதனை முறையாக நடக்க வேண்டும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இந்த எண் சார்ஜை மட்டுமே சொல்லும். பேட்டரியின் வலுவை அறிய, முதலில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பிறகு சோதனைக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். இஞ்சினைக் கிளப்பும் திறனைக் குறிக்கும் 'சிசிஏ' எண் பேட்டரியின் மேல் அச்சாகியிருக்கும். கருவியில் அதே எண்ணைப் பதிய வேண்டும். கூட்டிப் பதிந்தால் நல்ல பேட்டரியும் கெட்டதாகத் தெரியும். இஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வரும். அதைவிட நன்றாகக் குறைந்தால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பேட்டரியும் படுத்துவிடும். சோதனை முடிவை எழுத்தில் கேட்டு, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றித் தரும் பேட்டரிக்குப் புதிய வாரண்டி கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பல கடைகளில் முதலில் வாங்கிய தேதியே கணக்கு. வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

பழுது உறுதியாகியும் கடை மறுத்தால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. கடையின் நிபந்தனையால் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. கோரிக்கை 50,000 வெள்ளிக்கு மேற்போகாமலும் மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டும் இருக்க வேண்டும். சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளுக்கே இந்த வழி. காய்கறி ஏற்றும் லாரியின் பேட்டரிக்குப் பொருந்தாது.