பிணை நிற்கும் முன்னாள் தலைவர்கள்

ஆட்சிக் கதிரையை விட்டு இறங்கிய தலைவர் ஒருவர், தேர்தல் மேடையில் இன்னொருவரின் கையை உயர்த்திப் பிடித்து, 'இவருக்கு வாக்களியுங்கள்' என்று கேட்பது ஜனநாயக நாடுகளில் வழமையான காட்சிதான். அந்தக் கை உயர்த்தலால் எத்தனை வாக்குகள் இடம் மாறுகின்றன என்பதே கேள்வி. 2015 இலிருந்து 2024 வரை இலங்கையில் நடைபெற்ற மூன்று ஜனாதிபதித் தேர்தல்களும் இதற்குத் தெளிவான பதிலைத் தருகின்றன.

2014 நவம்பர் 21 ஆம் திகதி கொழும்பு புதிய நகர மண்டபத்திலிருந்து தொடங்குவோம். ஜனாதிபதித் தேர்தலுக்கான பிரகடனத்தில் மகிந்த ராஜபக்ஷ கைச்சாத்திட்ட மறுநாள் அது. முதல்நாள் இரவு தம்முடன் அமர்ந்து அப்பம் உண்டவர் என்று மகிந்த பின்னர் மேடைகளில் குறைபட்டுக்கொண்ட மைத்திரிபால சிறிசேன, பொது வேட்பாளராக அங்கே தோன்றினார். அவர் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளர், சுகாதார அமைச்சர். அவருக்குப் பக்கத்தில் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அமர்ந்திருந்தார்.

2005 இல் பதவியை விட்டு நீங்கிய சந்திரிகாவுக்கு அப்போது கட்சி இயந்திரமோ சொந்தமான வாக்கு வங்கியோ கிடையாது. ஆனால், வேறு எவரிடமும் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. 1951 இல் அந்தக் கட்சியை நிறுவிய பண்டாரநாயக்கவின் மகள் அவர். அவர் வந்து நின்றதால், மைத்திரிபாலவின் வெளியேற்றம் கட்சித் துரோகம் என்ற பெயரிலிருந்து தப்பியது. பரம்பரையாகச் சுதந்திரக் கட்சிக்கு வாக்களித்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்று, கட்சியை விட்டு விலகாமலேயே மகிந்தவுக்கு எதிராக வாக்களிக்கலாம் என்ற மன அனுமதியை அவரது பிரசன்னம் வழங்கிற்று. ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ரணில் விக்கிரமசிங்க ஆயிரம் கூட்டங்களில் பேசினாலும் அந்த அனுமதியை அவரால் வழங்கியிருக்க முடியாது.

2015 ஜனவரி 8 இல் மைத்திரிபால 62,17,162 வாக்குகளைப் பெற்றார். மகிந்த பெற்றவை 57,68,090. வித்தியாசம் நாலரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மட்டும் மைத்திரிபால பெற்ற மேலதிக வாக்குகள் இந்த வித்தியாசத்தைவிட அதிகம். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்கு 74.42 சதவீதம் கிடைத்தது.

இந்தத் தமிழ் வாக்குகளைச் சந்திரிகா கொண்டு வந்தார் என்று எவரும் சொல்லமாட்டார். 1994 இல் சமாதானத் தேவதையாக நம்பப்பட்டவரின் ஆட்சியிலேயே, 1995 யூலையில் நவாலி தேவாலயம் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் ஊர் பெயர்ந்தது. அவற்றை மறந்து எவரும் வாக்களிக்கவில்லை. மகிந்த ஆட்சி தொடரக்கூடாது என்பதே அன்று தமிழ் மக்களின் ஒரே கணக்கு. தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோதுதான் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மைத்திரிபாலவுக்கான ஆதரவை அறிவித்தது. மக்கள் அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டிருந்தார்கள். ஆக, சந்திரிகாவின் ஆதரவு தெற்கில் ஒரு கதவைத் திறந்தது. வடக்கில் கதவு ஏற்கனவே திறந்தே கிடந்தது.

2019 இல் அதே சந்திரிகா சஜித் பிரேமதாசவை ஆதரித்தார். சுதந்திரக் கட்சியின் உத்தியோகபூர்வத் தலைமை கோட்டாபய ராஜபக்ஷவின் பக்கம் சாய்ந்தபோதும் அவர் மறுபக்கம் நின்றார். ஆனால், இம்முறை அந்த ஆதரவு எடுபடவில்லை. அவரிடமிருந்து அனுமதி பெறக் காத்திருந்த சுதந்திரக் கட்சிக் குடும்பங்கள் அப்போது அந்த வீட்டிலேயே இல்லை. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலிலேயே அவர்களிற் பெரும்பாலானோர் பொதுஜன பெரமுனவின் தாமரை மொட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆளில்லாத வீட்டின் கதவைத் திறந்து பயன் என்ன?

அந்தத் தேர்தலில் பலித்தது இன்னொரு முன்னாள் ஜனாதிபதியின் ஆதரவுதான். 19 ஆவது திருத்தம் காரணமாக மூன்றாவது தடவை போட்டியிட முடியாதிருந்த மகிந்த, 2019 ஓகஸ்ட் 11 இல் தம்பி கோட்டாபயவை வேட்பாளராக அறிவித்தார். அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றிராத கோட்டாபய 69,24,255 வாக்குகளுடன் வென்றார். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் ஏற்படுத்திய அச்சம் அவருக்குத் துணையாயிற்று என்பது உண்மையே. என்றாலும் அந்த அச்சத்தை ஒரு முகத்தின் மீதான நம்பிக்கையாக மாற்றிக் கொடுத்தவர் அண்ணன்தான். அதே ஆதரவு வடக்கில் நேர்மாறாக வேலை செய்தது. யாழ்ப்பாணத்துடன் பெரிய தொடர்பெதுவும் இல்லாத சஜித்துக்கு அந்த மாவட்டம் 83.86 சதவீத வாக்குகளை அள்ளிக் கொடுத்தது. ஒருவரின் ஆதரவு ஒரு சமூகத்துக்கு அழைப்பாகவும் இன்னொரு சமூகத்துக்கு எச்சரிக்கையாகவும் அமையும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. பொருளாதாரம் சரிந்தது, 2022 மே மாதத்தில் மகிந்த பிரதமர் பதவியைத் துறந்தார், யூலையில் கோட்டாபய நாட்டை விட்டே ஓடினார். 2024 செப்டெம்பரில் மகிந்த தம் மகன் நாமலுக்காக வாக்குக் கேட்டார். கிடைத்தவை 3,42,781. இது வெறும் 2.57 சதவீதம். ராஜபக்ஷ குடும்பத்தின் கோட்டையான அம்பாந்தோட்டையிலேயே அநுர குமார திசாநாயக்க முன்னணி வகித்தார். கேட்ட வாய் அதே வாய்தான். அதன் சொல்லுக்குப் பின்னாலிருந்த கையிருப்புத்தான் தீர்ந்து போயிருந்தது.

முன்னாள் தலைவரின் ஆதரவு என்பது சாராம்சத்தில் ஒரு பிணை. 'எனக்கு இவரைத் தெரியும், என்னை உங்களுக்குத் தெரியும்' என்பதே அதன் வாசகம். பிணை நிற்பவரின் நாணயம் செல்லுபடியாகும் இடத்தில் மட்டுமே அது எடுபடும். மனம் மாற விரும்பி, தயங்கி நிற்கும் வாக்காளர் இருந்தால் மட்டுமே அதனால் பயன் விளையும்.

இங்கேதான் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உள்ளது. வங்கியில் பிணை நிற்பவர், கடன் வாங்கியவர் தவறினால் தாமே கட்ட வேண்டும். அரசியற் பிணையாளிக்கு அந்தக் கடப்பாடு இல்லை. 2015 இன் பின்னர் தேசிய ஒற்றுமைக்கும் நல்லிணக்கத்துக்குமான அலுவலகத்துக்குச் சந்திரிகா தலைமை தாங்கினார். அவர் மனதார உழைத்திருக்கலாம். ஆனால், வாக்களிக்கப்பட்ட புதிய அரசியலமைப்பு வரவில்லை. 2018 ஒக்டோபர் 26 இரவு மைத்திரிபால, எந்த மகிந்தவை வீழ்த்துவதற்காகத் தமிழர்கள் வரிசையில் நின்றார்களோ, அதே மகிந்தவைப் பிரதமராக்கினார். அதைத் தடுத்து நிறுத்தும் வல்லமை, அவருக்காகப் பிணை நின்ற எவருக்கும் இருக்கவில்லை. இறுதியில் நாடாளுமன்றப் பெரும்பான்மையும் உயர் நீதிமன்றமுமே அதனை முறியடித்தன.

தனிமனிதரின் பிணை தோற்ற இடத்தில் நிறுவனங்களின் பிணை நின்று பிடித்தது என்பதே அந்த ஐம்பத்தொரு நாட்களின் பாடம். தமிழ்க் கட்சிகள் தென்னிலங்கை வேட்பாளர்களை ஆதரித்த வேளைகளில், இவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதற்கே அதிக மதிப்பளித்து வந்துள்ளன. எழுத்தில் என்ன நிற்கிறது, தவறினால் எங்கே போய் முறையிடுவது என்பவை இரண்டாம் பட்சமாயின. அடுத்த முறை இன்னொரு முன்னாள் தலைவர் இன்னொரு வேட்பாளரின் கையை உயர்த்திப் பிடிக்கும்போது, இந்த இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்பது நல்லது. கையை உயர்த்துபவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். வாக்களித்தவர்கள்தான் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.