ஊவாத் தோட்டங்களும் சிசுக்களின் கண்ணீர்க் குழாயும்

இலங்கையில் 1912ஆம் ஆண்டிலே இயற்றப்பெற்ற வைத்தியத் தேவைச் சட்டம் தோட்டத்துரைமார்க்கு விதித்த கடமைகளுள் இரண்டு ஈண்டு நோக்கற்பாலன. பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தல் வேண்டும் என்பது ஒன்று; ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் தக்க பராமரிப்பும் ஊட்டமும் பெறுகின்றனரா எனக் கவனித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. தாய்க்கு ஒரு மாதம். சேய்க்குப் பன்னிரண்டு மாதம். இடைப்பட்ட பதினொரு மாதங்களில், பதுளை, பசறை, அப்புத்தளை மலைச்சரிவுகளிற் பிறந்த குழந்தையின் கண்ணை யார் பார்த்தனர் என்பதே வினா.

கண்ணிற் சுரக்கும் நீர், இமைகளின் உள்மூலையிலுள்ள நுண்டுளைகள் வழியே கண்ணீர்ப் பையை அடைந்து, அங்கிருந்து ஒரு குழாயால் மூக்கினுள் இறங்கும். பிறக்கும்போது அக்குழாயின் கீழ்வாயை மூடிய மெல்லிய சவ்வு திறவாதிருப்பின் நீர் தேங்கும். கண் ஓயாது கசியும். காலையிற் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொள்ளும். நூற்றுக்கு ஐந்து குழந்தைகளுக்கேனும் இக்குறை உண்டு. அவருட் பத்தில் ஒன்பதின்மருக்கு ஓராண்டு நிரம்புமுன் சவ்வு தானே திறந்துகொள்ளும். சட்டம் குறித்த வயதும் இயற்கை குறித்த வயதும் ஒன்றாய் அமைந்தமை தற்செயலே.

1713இல் அனெல் என்னும் பிரெஞ்சு இரணவைத்தியர் நுண்ணிய சலாகையும் பீச்சுகுழலும் கொண்டு இவ்வழியைத் திறக்க முயன்றார். சிசுக்களுக்கோ அத்துணைக் கருவி பெரும்பாலும் வேண்டா. கண்ணீர்ப் பையின்மேல் விரலை வைத்து அழுத்திக் கீழ்நோக்கி நீவினால் உள்ளிருக்கும் நீரின் அழுத்தமே சவ்வைக் கிழித்துவிடும் என்பதை 1923இல் கிறிக்லர் என்னும் அமெரிக்க வைத்தியர் எடுத்துரைத்தார். அதற்கு அடுத்த ஆண்டிலே, 1894இல் பண்டாரவளையை அடைந்திருந்த புகையிரதப் பாதை பதுளையை எட்டிற்று. கொழும்புக்கு வழியும் உண்டாயிற்று; வழி வேண்டாத வைத்தியமும் உண்டாயிற்று.

ஆனால் அவ்வைத்தியத்துக்கு வேண்டியது தாயின் விரல்; அதுவும் நாளுக்குப் பலமுறை, மாதக்கணக்காக. அவ்விரலோ கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது. விடியலிற் பெரட்டுக்குச் செல்லுமுன் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் சென்றவள், கொழுந்து நிறுத்தபின் பாலூட்ட ஓடிவரும் சிறுபொழுதிலே பீளையைத் துடைத்தாளாயின் அதுவே பெரிது. தாய்ப்பாலிற் சில துளிகளைக் கண்ணில் விடுதல் வழக்கம். அது குழாயைத் திறவாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் அடுப்பும் உடனிருந்தமையால், கண்ணீரைப் புகையின் குற்றமென்று கருதி விடுதலும் எளிதாயிற்று. இதனைத் தாயரின் அறியாமை என்று எழுதிச் செல்வது நேர்மையன்று.

இக்குறை பார்வையைத் தொடாது என்றே வைத்தியர் நெடுங்காலம் கொண்டிருந்தனர். பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையை மூடிவைத்தால், அக்கண்ணிலே பழுதில்லாதிருந்தும் மூளை அதனைப் புறக்கணித்துவிடும் என்பதை 1963இல் ஹியூபெல், வீசல் என்னும் இருவர் காட்டினர். 1981இல் அவர்கள் நோபல் பரிசும் பெற்றனர். பார்வை என்பது பிறவியிலே முற்றுப்பெற்று வருவதன்று, முதலாண்டுகளிற் பயின்று பெறுவது என்பது அதனால் உறுதியாயிற்று. கண்ணீர் தேங்குதல் இமை மூடுதலைப் போன்றதன்று. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தீங்கும் இல்லை. எனினும் 2010ஆம் ஆண்டளவில் வெளிவந்த அமெரிக்க ஆய்வுகள் சில, இவ்வடைப்புடைய குழந்தைகளிடையே இரு கண்களின் ஒளிமுறிவு ஒவ்வாமை மிகுந்திருப்பதையும், அதனாற் சோம்பற்கண் நேரக்கூடும் என்பதையும் காட்டின. அடைப்பு நீங்கிய பின்னும் இவ்வொவ்வாமை மறைந்திருக்கலாம். ஒரு கண்ணாற் காணும் பிள்ளை தன் குறையைத் தானே அறியாது. பள்ளியிற் கரும்பலகையையும் மற்றைக் கண்ணாற் படித்துவிடும். அதனாலேயே ஓராண்டு கடந்தும் கசியும் கண்ணுக்குச் சலாகை வைத்தியமும், கசிவு நின்ற கண்ணுக்கும் பார்வைப் பரிசோதனையும் வேண்டப்படுகின்றன.

1912ஆம் ஆண்டுச் சட்டம் ஊட்டத்தைச் சொல்லிற்று, கண்ணைச் சொல்லவில்லை. சிசு மரணத்துக்குப் பதிவேடு இருந்தது. மங்கிய ஒற்றைக் கண்ணுக்கு எவ்வேட்டிலும் இடமில்லை.

2018இல் திருத்தப்பட்ட பிரசவ நன்மைச் சட்டத்தின்படி, எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்குப் பன்னிரண்டு வாரம் விடுமுறை உண்டு. அது முடிந்தபின் தோட்டத்துக் குழந்தை செல்லுமிடம் பழைய பிள்ளைக்காம்பராவே. சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறியிருக்கின்றது.