துண்டு: கடல் கடந்தவர்களின் கணக்கு யார் கையில் இருந்தது?

வெளிநாட்டு வேலைக்குப் போகிற தம்பிகள் எங்களிடம் முதலில் கேட்பது பாஸ்போர்ட், விசா பற்றித்தான். நாங்கள் திருப்பிக் கேட்பது வேறு. ஏஜென்ட்டுக்குக் கட்டுகிற பணத்தை யாரிடம் வாங்கினீர்கள்? என்ன வட்டி? கையெழுத்துப் போட்ட தாள் யார் கையில் இருக்கிறது? பலருக்கு இந்தக் கேள்விகள் பிடிப்பதில்லை. "போய்ச் சம்பாதிச்சா ரெண்டு வருசத்துல அடைச்சிரலாம்ண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நம் பூட்டன்மார் இலங்கைக்குத் தோணி ஏறியபோதும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு எப்படிப் போய் முடிந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

அவர்கள் எதை விட்டுப் போனார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றது. ஆனால் சேரிக்காரர் பண்ணையை விட்டுப் போய்விடவில்லை, போக முடியவில்லை. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. குடியிருந்த மனையும் மிராசுதாருடையது. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கை இந்தக் கடன் கட்டையும் மனைக்கட்டையும் அரசின் முன் வைத்தது. போதாததற்கு 1859இல் வந்த 13ஆவது சட்டத்தின்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். வாங்கிய பணத்துக்கு உடம்பே ஈடு என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்ட சட்டம் இது.

ஆகவே இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் கேட்டுக் கங்காணி ஊருக்குள் வந்தபோது நம்மவர்கள் ஏமாந்துதான் போனார்கள் என்று சொல்லும் பழைய பாட்டை நாங்கள் பாடத் தயாரில்லை. ஏமாற்று நிறையவே இருந்தது. ஆனால் பண்ணையை விட்டு வெளியேற நம்மவர்களுக்குக் கிடைத்த மிகச் சில வழிகளில் கடல் ஒன்று. கூலி ஆட்கள் கடல் கடந்து போவதைக் கண்டு மிராசுதார்கள் சும்மாவா புலம்பினார்கள்?

ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். கால்நடையாகக் கடற்கரைக்கு வந்து, தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். இந்தப் பயணத்துக்கான பணத்தைக் கங்காணி கொடுத்தார். பண்ணைக் கடனை அடைக்க, வழிச் சாப்பாட்டுக்கு, தோணிக் கூலிக்கு, வீட்டில் விட்டுப்போகும் கிழவிக்கு அரிசி வாங்க என்று எல்லாம் அந்த முன்பணத்தில் சேர்ந்தது. மலையேறிய பிறகு குளிருக்குக் கொடுத்த கம்பளியும் கணக்கில் ஏறியது. மாதம் தோறும் அளந்த அரிசியும் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மலையேறி முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்பே ஒருவர் கடன்காரர்.

அந்தக் கங்காணிகள் யார்? பெரிய கங்காணிகளில் பலர் குடியான சாதிகளைச் சேர்ந்தவர்கள். தோட்டத்தில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் இருந்த மேல் கீழ் அப்படியே கப்பலேறியது. மிராசுதார் நோட்டில் இருந்த கடன் கங்காணி நோட்டுக்கு மாறியது, அவ்வளவுதான். தொழிலாளியின் கையில் நோட்டே இல்லை.

இங்கேதான் துண்டு வருகிறது. ஆங்கிலேயத் துரைகளின் அறிக்கைகளிலும் 'துண்டு' என்றே எழுதப்பட்ட நம் தமிழ்ச் சொல் இது. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இவ்வளவு ரூபாய் கட்டினால் இவரையும் இவர் ஆட்களையும் விடச் சம்மதம் என்பதே அதன் சாரம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் பஞ்சத்தில் இருக்கும் துரை பழைய கடனைக் கட்டிவிட்டு, மேலே புதிதாக முன்பணமும் தருவார். ஒரு கும்பலின் கடன் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதுத் துரை ஆயிரத்தைக் கட்டி, கங்காணிக்கு இன்னும் முந்நூறு கொடுத்தால், கும்பலின் கடன் இப்போது ஆயிரத்து முந்நூறு. அந்த முந்நூறில் ஒரு காசைக்கூடப் பார்க்காத பெண்ணின் தலையிலும் பங்கு விழும். தோட்டம் மாறும் தோறும் கடன் பெருத்தது. ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருந்திராதவர்களும் கடனில் மூழ்கியது இப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், சட்டப்படி இவர்கள் ஒப்பந்தக் கூலிகளே அல்ல. நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்களைப் போல ஐந்து வருட முறி எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு யாரும் போகலாம். இலங்கைத் தோட்டத்தில் இருப்பவர்கள் சுதந்திரத் தொழிலாளர் என்று துரைமார் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள். ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. நோட்டீஸ் கொடுக்காமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. தனியாள் நோட்டீஸ் கொடுத்துக் கிளம்ப நினைத்தாலும் கங்காணியின் கடன் குறுக்கே நின்றது. சம்பளமே பெரிய கங்காணியின் கை வழியாகத்தான் வந்தது, அதுவும் தாமதமாக. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தனியாகத் தலைக்காசு. ஆட்கள் போய்விடக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த அக்கறைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

1902 வாக்கில் தகர டிக்கெட் வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லையைக் கழுத்தில் தொங்கவிட்டால் வழிச்செலவைச் சர்க்கார் பார்த்துக்கொண்டு தோட்டத்திடம் வசூலிக்கும். வழியில் சாவது குறைந்தது. செலவு மட்டும் சுற்றி வந்து தொழிலாளியின் கணக்கிலேயே இறங்கியது.

இது தவிர்க்க முடியாததா? மலாயாவைப் பார்ப்போம். அங்கும் கங்காணி, அங்கும் நம் சனங்கள்தான். ஆனால் 1907இல் அங்கே குடியேற்ற நிதி ஒன்று சட்டமானது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லோரும் அதில் பணம் கட்ட வேண்டும். கப்பல் செலவு அதிலிருந்து போனது. தொழிலாளி கடனில்லாமல் கரையிறங்கினார். ரப்பர்த் தோட்டம் சொர்க்கமாகிவிடவில்லை, அடியும் இருந்தது, சாவும் இருந்தது. ஆனால் பயணச் செலவை ஏழையின் தலையில் கட்டாமலும் தோட்டம் நடத்தலாம் என்பதற்கு அது சாட்சி. இலங்கைத் துரைகளுக்கு அது தெரிய இன்னும் 16 ஆண்டுகள் ஆயின.

1921இல் துண்டு சட்டவிரோதமானது. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன் அழுத்தத்தில் 1923இல் இலங்கையிலும் தோட்டங்கள் நிதி கட்ட, ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது என்றானது. இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் கண்டியில் வந்து அமர்ந்தார். 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி 1929இல் மலையகத்தின் உயரப் பகுதிகளுக்கு நாள் கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயமானது. கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இந்த எண்களோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அந்த 43 சதத்தையும் பல லயங்களில் புருசன்தான் போய் வாங்கினான்.

கடன் ஒழிந்த பிறகு குடியுரிமை போனது. 1948ஆம் ஆண்டின் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எழுதியது. அந்த ஒப்பந்தத்தில் பணம் பற்றிய ஒரு வரி உண்டு: சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட சொத்தைக் கொண்டுவரலாம், ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது. மூன்று நான்கு தலைமுறை உழைப்பை ஒரு குடும்பம் எவ்வளவு எடுத்துப்போகலாம் என்று இரண்டு அரசுகள் பேசி முடித்த கணக்கு அது. நீலகிரிக்கு வந்து மறுபடியும் தேயிலையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வளைகுடாவுக்கும் போகிறார்கள்.

இன்று 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பதிவுபெற்ற ஏஜென்ட் ஓர் ஆளிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம் என்று விதி இருக்கிறது. ஊரில் கேட்கும் தொகை அதைப்போல எத்தனை மடங்கு என்பது இதை வாசிக்கிற உங்களுக்கே தெரியும். ரசீது கேட்டால் "தம்பி, நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். போன மாதம் ஒரு தம்பியோடு அவர் கடன் வாங்கிய வீட்டுக்கு நாங்களும் போயிருந்தோம். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்த வெற்றுப் பத்திரத்தில் தொகையையும் வட்டியையும் எழுதச் சொல்லி, அங்கேயே செல்போனில் படம் பிடித்துக்கொண்டோம். கடன் கொடுத்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. தம்பி அந்தப் படத்தை முதலில் அனுப்பியது அம்மாவின் போனுக்கு.