கூடம் குறுகுகிறது!

கடலிலே மிதக்கும் மாளிகைகளைக் கட்டுகின்றனர் இன்றைய முதலாளிகள். உல்லாசக் கப்பல் என்று அதற்குப் பெயர். ஊர் போய்ச் சேருவதற்காக அல்ல, உலா வருவதற்காகவே ஓடும் கப்பல். அந்த மாளிகைகளிலே ஒரு மாற்றம் நடந்து வருகிறது. கப்பலில் ஏறியவர் எவராயினும் அமரலாம், கடலைக் காணலாம், கதை பேசலாம் என்றிருந்த பொதுக்கூடங்கள் குறுகுகின்றன. பொன்னை வாரிக் கொடுப்போர்க்கு மட்டும் திறக்கும் தனி அறைத் தொகுதிகள் பெருகுகின்றன.

எங்கோ ஓடும் கப்பலிலே எவனோ கூடத்தை இடித்து அறை கட்டினால் கோவில்பட்டிக்காரனுக்கு என்ன? பருத்தியும் கம்பும் விளையும் கரிசற் காடு. மழை பொய்த்தால் மண் பிளக்கும் சீமை. தீப்பெட்டித் தொழிலிலே நாளெல்லாம் உழைக்கும் மக்கள். அவர்கட்கும் உல்லாசக் கப்பலுக்கும் உறவு ஏது என்று கேட்கலாம். உறவு உண்டு, தோழர்களே! பொதுக்கூடம் என்பது என்ன, அது எப்படிக் கிடைக்கிறது, எப்படிப் பறிபோகிறது என்பதை இந்தக் கரிசல் மண் அறிந்த அளவு அறிந்த இடங்கள் மிகச் சில.

கப்பல் எல்லை கட்டப்பட்ட இடம். ஊரிலே இடம் போதவில்லையென்றால் ஊருக்கு வெளியே ஒரு தெருவை அமைக்கலாம். கப்பலிலே முடியுமா? இரும்புச் சுவருக்கு அப்பால் உப்புநீர். ஆகவே, அங்கு ஒருவனுக்குக் கூடுதலாகத் தரப்படும் ஒவ்வொரு முழமும் மற்றவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட முழமே. நாட்டிலே இந்தக் கணக்கை ஆயிரம் சொல்லால் மறைப்பார்கள். கப்பலிலே மறைக்க முடியாது. சமுதாயத்தின் கணக்கைப் படிக்க விரும்புவோர்க்குக் கப்பலைவிடத் தெளிவான ஏடு இல்லை.

அந்த ஏட்டின் முதற் பக்கத்தை நம் வைதிகர்கள் அன்றே படித்துவிட்டனர். கடற்பயணம் செய்பவன் சாதி கெட்டவன் என்று பவுதாயன தரும சூத்திரம் விதிக்கிறது. ஏன் அந்த அச்சம்? கடல் பொல்லாதது என்பதாலா? புயல் வரும் என்பதாலா? அதற்குச் சாதி ஏன் கெட வேண்டும்? கப்பலிலே அக்கிரகாரம் தனி, சேரி தனி என்று இடம் பிரிக்க இயலாது. குடிக்கும் நீர் ஒரே தொட்டி. படுக்கும் பலகை ஒரே தளம். அலை எழுந்தால் அனைவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய வேண்டியதுதான். பக்கத்திலே இருப்பவன் யார் என்று கேட்டுத் தள்ளி நிற்க வழியில்லாத இடம் அது. கலந்திருக்கும் இடத்தைக் கண்டு வருணாசிரமம் அஞ்சியதிலே வியப்பில்லை.

கலந்திருக்கும் இடம் கடலிலே மட்டுமல்ல, கரிசற் காட்டுக்கும் வந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் பாதை 1876ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கோவில்பட்டி அந்தப் பாதையிலே ஒரு நிலையமாயிற்று. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடிக்கு இரயிலேறி, அங்கிருந்து கப்பலேறினர். வணிகனும் சென்றான், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு உழைப்பாளியும் சென்றான். மூன்றாம் வகுப்புப் பெட்டியிலே அவர்கள் தோளோடு தோள் நெருங்கி அமர்ந்தார்கள்.

அமர்ந்தார்களே தவிர, உண்ண முடிந்ததா? வண்டியை விட்டு இறங்கியதும் வருணாசிரமம் நிலையத்திலே காத்துக்கொண்டிருந்தது. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலே 'பிராமணாள்' என்று ஒரு பக்கம், 'இதராள்' என்று மறுபக்கம். பயணச்சீட்டுக்குக் கொடுத்த காசு ஒரே காசு, இட்டலிக்குக் கொடுத்த காசும் ஒரே காசு, ஆயினும் அமரும் பலகை வேறு! கடலிலே கட்ட முடியாத சுவரை நிலையத்திலே கட்டிக்கொண்டனர்.

தெருவிலேயும் கட்டினர். கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலை. அங்கே தேர் ஓடும் தெருக்கள் கோயிலின் உடைமை, அவற்றிலே நாடார் மக்கள் ஊர்வலம் செல்லலாகாது என்று எட்டயபுரம் ஜமீன் தரப்பு வாதாடியது. நடந்து நடந்து மக்களே உண்டாக்கிய தெருவை, நடக்கும் மக்களுக்கு உரியதல்ல என்றனர். பகை முற்றி, 1895ஆம் ஆண்டு கலவரம் வெடித்து, உயிர்கள் பலியாயின. பொதுவிடம் தனிவிடம் ஆக்கப்படும்போது முடிவிலே சிந்துவது குருதி என்பதை நம் வட்டாரம் அப்படித்தான் கற்றது.

இத்தகைய மண்ணிலேதான் ஒட்டப்பிடாரத்தில், 1872ஆம் ஆண்டு, வ.உ.சிதம்பரனார் பிறந்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அதை ஒரு சீமானிடம் சென்று கைநீட்டிப் பெற அவர் திட்டமிடவில்லை. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார். 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் 1907இல் தூத்துக்குடி வந்தன.

அக்கப்பலின் இட ஒதுக்கீட்டைப் பாருங்கள். முதல் வகுப்பிலே 42 பேர், இரண்டாம் வகுப்பிலே 24 பேர், சாதாரண வகுப்பிலே 1300 பேர், சரக்கு 4000 மூட்டை. அன்றைய உலக வழக்கப்படி வகுப்புகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் வசதி வகுப்பிலே ஒருவர் என்றால், சாதாரண வகுப்பிலே ஏறத்தாழ இருபதின்மர். கப்பல் யாருக்காக ஓடிற்று என்பதை அந்த எண்களே பறைசாற்றுகின்றன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இனாமாகவே ஏற்றிச் செல்கிறேன் என்றது, ஏறுவோர்க்குக் குடையும் தருவதாக ஆசை காட்டியது. எந்த வகுப்பை மயக்க அந்தக் குடை? 42 பேரையா? இல்லை, 1300 பேரை! எளியோரின் கூட்டம்தான் தன் வலிமை என்பதை வ.உ.சி. அறிந்திருந்தார், அவர் பகைவரும் அறிந்திருந்தனர்.

1908இல் அவரைச் சிறையிலே தள்ளினர். செக்கிழுக்க வைத்தனர். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. வழக்கறிஞர் உரிமையை மீண்டும் பெற்றபின், 1924 முதல் 1932 வரை அவர் வாழ்ந்து தொழில் நடத்தியது இதே கோவில்பட்டியில்தான். 1927இல் சேலத்தில் ஆற்றிய அரசியல் பெருஞ்சொல்லிலே வகுப்புவாரி உரிமையை ஆதரித்து உரைத்தார். கப்பலிலே எளியோர்க்கு இடம் தேடியவர், அரசாங்க அலுவலிலும் எளியோர்க்கு இடம் வேண்டும் என்று கூறியதிலே முரண் ஏதுமில்லை.

அந்த ஆண்டுகளில்தான் சுவர்கள் ஒவ்வொன்றாக விழலாயின. தாமாக விழுந்தனவா? இல்லை, தள்ளப்பட்டன! 1924இல் நீதிக்கட்சி ஆட்சியிலே, ஆர்.வீரையன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி, பொதுச்சாலையும் பொதுக்கிணறும் பொது அலுவலகமும் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரியவை என்று அரசாணை பிறந்தது. ஆணை பிறந்தது, பேருந்து முதலாளி மனம் மாறவில்லை. கோவில்பட்டியை அடுத்த சாத்தூர் அந்நாளில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனார், ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். 1929இல் செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாநில மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவரே. மேடையிலே பேசியதை அலுவலிலே செய்து காட்டினார். உரிமம் போகும் என்றதும் தீட்டு பறந்து போயிற்று! எத்தனை நூற்றாண்டுத் தீட்டு, ஒரு துண்டுக் காகிதத்துக்கு அஞ்சி ஓடியது!

பெரியாரும் இயக்கமும் இடைவிடாது எதிர்த்ததன் விளைவாக, 1941இல் இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலே 'பிராமணாள்–இதராள்' பிரிவினை ஒழிந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' என்னும் ஓட்டல் பெயர்ப்பலகையை எதிர்த்துத் தோழர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். இன்று எந்த நிலையத்திலும் எவன் பக்கத்திலே எவன் அமர்ந்து தேநீர் அருந்துகிறான் என்று எவரும் கேட்பதில்லை. இயல்பாகத் தோன்றும் இந்தக் காட்சியின் பின்னே இத்தனை ஆண்டுப் போர் இருக்கிறது.

கடலுக்குத் திரும்புவோம். மேலை நாட்டாரின் கப்பல்களிலே பிறப்புச் சுவர் இல்லை. ஆனால் பணச் சுவர் இருந்தது. 1912ஆம் ஆண்டு மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலிலே மூன்றாம் வகுப்பினரை மற்றவரோடு கலவாது பிரித்து வைத்தனர். மூழ்கிய அன்று கணக்கு என்னவாயிற்று? முதல் வகுப்பினரிலே பத்துக்கு ஆறு பேர் உயிர் தப்பினர். மூன்றாம் வகுப்பினரிலே நான்கில் ஒருவர்தான் தப்பினர். ஒரே கடல், ஒரே இரவு, ஒரே பனிப்பாறை. சாவு மட்டும் வகுப்புப் பார்த்து வந்தது.

பின்னர் விமானம் வந்தது. நாடு கடக்க விரும்பியோர் வானிலே பறந்தனர். பயணிகளை இழந்த கப்பல் முதலாளிகள், உலா வருவோரை அழைத்தனர். கூட்டம் வேண்டியிருந்தது, எனவே வகுப்புச் சுவரைத் தாமே இடித்தனர். சீட்டு வாங்கிய அனைவரும் ஒரே கூடத்தில் அமரலாம், ஒரே தளத்தில் உலாவலாம் என்றாயிற்று. ராயல் கரீபியன் கம்பெனி 1970இல் ஓட்டிய 'சாங் ஆஃப் நார்வே' என்னும் கப்பலிலே, புகைபோக்கியைச் சுற்றி, கப்பலின் உச்சியிலே ஒரு கூடம். நாற்புறமும் கடலைக் காணும் அந்த உயர்ந்த இடம் பயணிகளுக்குப் பொது. 'வைக்கிங் கிரவுன்' என்று அதற்குப் பெயர். அக்கம்பெனியின் அடையாளமாகவே அது பல்லாண்டு விளங்கிற்று.

இன்று? அதே கம்பெனி 2009இல் கடலில் விட்ட 'ஒயாசிஸ்' கப்பலில், அந்தக் கூடம் பின்னர் தனி அறைத் தொகுதிக்காரர்களுக்கான உணவகமாக மாற்றப்பட்டது. 2008இல் எம்.எஸ்.சி. கம்பெனி 'யாட் கிளப்' என்று கப்பலுக்குள்ளேயே ஒரு தனிக் கப்பலை அமைத்தது. நார்வீஜியன் கம்பெனி 'ஹேவன்' என்று அமைத்தது. தனி உணவகம், தனிக் குளம், தனி வெயில் தளம். உரிய அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். கூட்டம் தேவைப்பட்டபோது இடிக்கப்பட்ட சுவர், கூட்டம் வந்து சேர்ந்தபின் மீண்டும் எழுந்தது.

'பணம் கொடுப்பவன் பெறுகிறான், உமக்கேன் வயிற்றெரிச்சல்?' என்பர். 'பிறப்புச் சுவரையும் பணச் சுவரையும் ஒன்றாக்குவது முறையா?' என்றும் கேட்பர். இரண்டும் ஒன்றல்ல. பிறப்புச் சுவருக்கு வாயிலே கிடையாது. பணச் சுவருக்கு வாயில் உண்டு. அந்த வேறுபாட்டை மறைப்பது பகுத்தறிவாகாது. ஆனால் வாயிலின் சாவி யார் யாரிடம் இருக்கிறது? தலைமுறை தலைமுறையாக நிலமும் கல்வியும் அலுவலும் யாரிடம் குவிந்தனவோ, அவர்களிடமே பணமும் குவிந்திருக்குமானால், பழைய சுவருக்குப் புதிய வண்ணம் பூசியதாகத்தானே பொருள்? ஒருவன் தன் வீட்டிலே பட்டு மெத்தை விரித்துக்கொள்ளட்டும், நாம் தடுக்கவில்லை. அந்த மெத்தையை விரிக்கப் பொதுக்கூடத்தின் தரையை ஏன் அறுக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

உல்லாசக் கப்பலிலே ஏறாதவனுக்கும் இந்தக் கேள்வி உரியது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் 2011 ஜூன் திங்களில் மீண்டும் தொடங்கிற்று. அதே ஆண்டு நவம்பரில் நின்றது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்பட்டது. உறவினரைக் காணச் செல்வோனின் கப்பல் நின்றதையும், உலா செல்வோனின் கப்பல் புறப்பட்டதையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பாருங்கள்.

கோவில்பட்டி நிலையத்துக்கே வாருங்கள். 'மூன்றாம் வகுப்பு' என்னும் இழிபெயர் 1974இல் இந்திய இரயில்வேயிலிருந்து நீக்கப்பட்டது. நல்லது. 2023 செப்டம்பரிலே சென்னைக்கும் நெல்லைக்கும் இடையே 'வந்தே பாரத்' வண்டி ஓடத் தொடங்கிற்று. கோவில்பட்டி வழியேதான் செல்கிறது. விரைவு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விஞ்ஞானத்தை வரவேற்பவர் நாம். ஆனால் அந்த வண்டியிலே முன்பதிவில்லாப் பொதுப்பெட்டி ஒன்றுகூட இல்லை. மற்ற விரைவு வண்டிகள் பலவற்றிலும் குளிர்சாதனப் பெட்டிகள் கூட, எளியோரின் படுக்கைப் பெட்டிகள் குறைந்தன. நெரிசல் பொறாது நாடெங்கும் குரல் எழுந்தபின், பொதுப்பெட்டிகளைக் கூட்டப் போவதாக 2024இல் இரயில்வே அறிவிக்க நேர்ந்தது. குரல் எழுந்தது, அறிவிப்பு வந்தது. எழாதிருந்தால்?

பொதுவிடம் எவரும் இனாமாகத் தந்ததல்ல என்பதே இந்த வரலாறு கற்பிக்கும் பாடம். தெருவும் கிணறும் பேருந்தும் சிற்றுண்டிச் சாலையும் போராடிப் பெற்றவை. தீட்டு என்று சொல்லி அவற்றை மறித்தபோது நம் முன்னோர்க்கு எதிரி கண்ணுக்குத் தெரிந்தான். வசதி, சொகுசு, சிறப்பு என்ற இனிய பெயர்களால் அவை சுருக்கப்படும்போது எதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே இன்று விழிப்பு மிகுதியாக வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்தைப் பூட்ட விடாதீர்கள். நூலகத்தின் கூடத்தைக் கடைக்கு வாடகைக்கு விட்டால் ஏன் என்று கேளுங்கள். பேருந்து நிலையத்திலே எளியோர் அமரும் இருக்கை குறைந்தால், இரயிலிலே பொதுப்பெட்டி ஒன்று கழற்றப்பட்டால், எண்ணிக் கணக்கெடுத்து எழுதுங்கள், மனுக் கொடுங்கள், மன்றத்திலே பேசுங்கள். 1300 பேருக்கு இடம் வைத்துக் கப்பல் விட்டவர் வாழ்ந்த ஊர் உங்களுடையது. அந்த 1300 பேரின் இடத்தைக் காப்பது உங்கள் கடமை.