இருட்டறை விளக்கும் கல்வெட்டுப் படமும்: இரும்பைப் பகுதியை முன்வைத்து

தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்றான இரும்பை மாகாளம், புதுச்சேரிக்கு வடமேற்கே அமைந்துள்ளது. இப்பகுதியின் நண்பகல் வெயிலில் எடுக்கப்படும் கறுப்பு வெள்ளைப் படத்தின் நெகடிவில் வெயில்பட்ட சுவர் மிக அடர்ந்தும், கொடுங்கையின் அடிநிழல் ஏறக்குறைய வெறுமையாகவும் பதிகின்றன. இரண்டையும் ஒரே தாளில் கொணரும் பொறுப்பு அச்சிடுபவரைச் சேர்ந்தது. கோயிற்கலை ஆய்வில் ஒளிப்படம் சான்றாகக் காட்டப்படும்போது இவ்வினை பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தோன்றியது. 1956 முதல் அங்கு உருவான கோயிற் படத்தொகுப்பு இன்று ஒரு லட்சத்தைக் கடந்துள்ளது. அக்காலத்தில் மென்மை, இயல்பு, கடினம் எனத் தரம் பிரித்த தாள்களே பெருவழக்கு. ஒரே தாளில் எல்லாத் தரங்களையும் பெறும் வழியை இல்ஃபோர்டு நிறுவனம் 1940-இலேயே ‘மல்டிகிரேடு’ என்னும் பெயரில் அறிமுகப்படுத்தியிருந்தது.

இத்தாளில் பூசப்பட்ட பசைக்கூறுகள் அனைத்தும் நீல ஒளிக்கு ஏறத்தாழ ஒரே வேகத்தில் வினைபுரிகின்றன. பச்சை ஒளிக்கோ வெவ்வேறு வேகத்தில். எனவே நீலம் மிகுந்தால் படம் கடினமாகவும், பச்சை மிகுந்தால் மென்மையாகவும் அமைகிறது. மஞ்சள் வடிகட்டி நீலத்தையும், மெஜந்தா வடிகட்டி பச்சையையும் தடுப்பது இதனாலேயே. ஆனால் வடிகட்டியில் பொறித்த எண் குறிப்பிட்ட வகை விளக்குக்கே பொருந்தும். பழைய குளிர்க்கதோடு விளக்குக்கோ இன்றைய எல்இடி விளக்குக்கோ அவ்வெண்ணை அப்படியே கொள்ள இயலாது, அளந்தறிதல் வேண்டும்.

அம்முறை எளியது. படிக்குப் படி 0.15 அடர்த்தி கூடும் 21 படிப் பட்டையைத் தாளின்மீது வைத்து, முதலில் நீலத்திலும் பிறகு பச்சையிலும் பின்னர்ப் பல கலவைகளிலும் அச்சிட வேண்டும். முழுக்கறுப்புக்கும் முதற் சாயலுக்கும் இடையே ஏழு படிகள் அமைந்தால் வீச்சு 1.05, அது இயல்புத் தரத்தை ஒட்டியது. படிகள் குறைந்தால் கடினம், கூடினால் மென்மை. இழைவிளக்காயின் மின்னழுத்தமும் நிலையாக இருத்தல் வேண்டும். அழுத்தம் தாழ்ந்தால் ஒளி மங்குவதுடன் நீலமே முதலில் குறைவதால், காலையில் கண்ட தரம் மாலையில் கிடைப்பதில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கும் சிற்றூர்களில் இது சிறு செய்தியன்று.

கல்வெட்டுப் படத்தில் இதன் விளைவு வெளிப்படையானது. பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவது சீரான வழக்கன்று. கடினமாக அச்சிட்ட படத்தில் கல்லின் இயற்கைக் குழி புள்ளியாகத் தோன்றும். மென்மையாக அச்சிட்டதில் உளி இட்ட புள்ளியே சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும். மைப்படியோ நெகடிவோ கிடைக்குமிடத்து அவற்றோடு ஒப்பிட்ட பின்னரே அச்சுப்படத்தின் புள்ளியைப் பாடமாகக் கொள்ளலாம். நெகடிவை இன்று வருடியில் எண்ணிமமாக்கும்போதும் இச்சிக்கல் தொடர்கிறது; அங்கு விளக்கின் இடத்தைத் திரையில் வளைக்கப்படும் ஒரு கோடு பெற்றுள்ளது.