பிடிசோறும் கட்டுச்சோறும்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் தேடுவதே பெரும்பாலோர் வழக்கம். அடுக்களையில் தேடுவோர் சிலர். ஆயினும் ஒரு கைப்பிடிச் சோற்றைப் பின்தொடர்ந்து ஈராயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லலாம் என்பதற்கு ஜப்பான் நாடு நல்ல சான்றாகும். அந்நாட்டார் 'ஒனிகிரி' என்றும் 'ஒமுசுபி' என்றும் வழங்கும் சோற்றுருண்டையின் வரலாற்றை இங்கே கூற முற்படுகிறோம். முடிவில், அதனை நம் இல்லத்திலேயே செய்துகொள்ளும் முறையையும் கூறுவோம்.

முதற்கண் பெயரைப் பார்ப்போம். ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் இறக்கி வைப்பதையே நாள்தோறும் தொழிலாகக் கொண்டவர்களாதலால், எந்தப் பொருளைக் கண்டாலும் நமக்கு முதலில் அதன் பெயரில்தான் கண் செல்கிறது. 'நிகிரு' என்னும் ஜப்பானிய வினைக்குக் கையால் இறுகப் பிடித்தல் என்பது பொருள். அதிலிருந்து வந்தது ஒனிகிரி. 'முசுபு' என்பதற்கு முடிச்சிடுதல், இணைத்தல் என்பன பொருள். அதிலிருந்து வந்தது ஒமுசுபி. இவ்விரண்டையும் 'சோற்றுருண்டை' என்று மொழிபெயர்த்தால் வடிவம் மட்டுமே எஞ்சும். பிடித்த கையும் மறையும், முடிந்த அன்பும் மறையும். தமிழிலோ, விரல் தடம் பதியப் பிடிக்கும் கொழுக்கட்டைக்குப் 'பிடிகொழுக்கட்டை' என்று பெயருண்டு. வழிப்பயணத்துக்கு முடிந்து கொடுக்கும் உணவுக்குக் 'கட்டுச்சோறு' என்று பெயருண்டு. இரு மொழிகளுக்கும் இதனால் உறவு உண்டென்று நாம் வாதிடவில்லை. அரிசி உண்ணும் இரு மக்கள் தத்தம் வழியே சென்று ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கின்றனர், அவ்வளவே.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜப்பானின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் இஷிகாவா என்னும் மாவட்டம் இருக்கிறது. அங்கே, இப்போது நாகானோதோ எனப்படும் ஊரின் எல்லைக்குள், 1987-ஆம் ஆண்டு ஒரு தொல்குடியிருப்பை அகழ்ந்தபோது கரியாகிப்போன சோற்றுக் கட்டியொன்று கிடைத்தது. அது ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. யாயோய் காலம் எனப்படும் தொடக்க வேளாண்மைக் காலத்தைச் சேர்ந்தது. ஒரு முனை கூராக, முக்கோணம் போன்றிருந்த அக்கட்டியை அரிசியை வேகவைத்துப் பின்னர்த் தீயில் வாட்டிய உணவென ஆய்ந்தோர் கருதினர். இன்றைய ஒனிகிரியும் அதுவும் ஒன்றேயென்று சொல்ல இயலாது. எனினும் யாரோ ஒருவருடைய கை அச்சோற்றைச் சேர்த்துப் பிடித்தது என்பதில் ஐயமில்லை. தன் மண்ணில் கிடைத்த இப்பழஞ்சோற்றை அவ்வூர் இன்றளவும் பெருமையாகப் போற்றி வருகிறது.

எழுத்துச் சான்று எட்டாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 713-ஆம் ஆண்டு, ஒவ்வொரு நாட்டின் நிலம், விளைபொருள், பழங்கதை முதலியவற்றைத் தொகுத்தனுப்புமாறு பேரரசி கெம்மேயின் அரசவை ஆணையிட்டது. அவ்வாறு எழுந்த 'ஹிடாச்சி' நாட்டுத் தொகுப்பில் 'பிடிசோறு' என்று பொருள்படும் சொல் காணப்படுகிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு என்னும் அம்மையார் இயற்றிய 'கெஞ்சி கதை'யில் 'தொன்ஜிகி' என்னும் உணவு பேசப்படுகிறது. அரண்மனை விருந்துகளில் கடைநிலைப் பணியாளர்க்கு வழங்கப்பட்ட, முட்டை வடிவான ஒட்டரிசிச் சோறு அது. உயர்ந்தோர் உள்ளே தட்டுகளில் உண்ண, ஏவலர் வெளியே கையில் ஏந்தி உண்டனர். ஆக, இச்சோறு பிறந்த இடம் பந்தி அன்று, வாயிற்புறமே.

பின்னர்ப் படைவீரர் காலம் வந்தது. 1221-ஆம் ஆண்டு நடந்த ஜோக்யூ போரில் காமாகுரா அரசின் வீரர்களுக்கு உப்பிட்டு உலர்த்திய 'உமெ' என்னும் புளிப்புக் கனியை உள்ளே வைத்த சோற்றுருண்டைகள் வழங்கப்பட்டன என்றொரு மரபுச் செய்தி உண்டு. அக்கனி ஊறுகாய்க்கு 'உமெபோஷி' என்று பெயர். ஒட்டரிசி போய், நாள்தோறும் உண்ணும் சாதாரண அரிசி உருண்டைக்குப் பயன்படத் தொடங்கியதும் அக்காலத்தை ஒட்டியே.

பதினேழாம் நூற்றாண்டு முதல் எடோ காலத்தில் நாட்டில் அமைதி நிலவியது. நெடுஞ்சாலைகளில் வணிகரும் யாத்திரிகரும் நடமாடினர். மூங்கில் மடலில் சுற்றிய சோறு அவர்களுடன் நடந்தது. இக்காலத்தில்தான் 'நோரி' என்னும் கடற்பாசியைக் காகிதம்போல் மெல்லிய தாளாக உலர்த்தும் முறை பரவியது. அத்தாளைச் சுற்றினால் கையில் சோறு ஒட்டுவதில்லை. இன்று நாம் படங்களில் காணும் கறுப்புப் பட்டை கட்டிய உருண்டை அவ்வாறு உருவாயிற்று. வடிவமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். மேற்குப் பகுதியினர் நெல்மூட்டை போல் நீள உருட்டுவர். வடகிழக்கினர் தட்டையாகத் தட்டுவதுண்டு. முக்கோணம் இன்று எங்கும் பொதுவாகிவிட்டது.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. அக்காலத்து உழவர், தாம் விளைத்த வெண்ணரிசியை வரியாகச் செலுத்திவிட்டு, பார்லியும் சிறுதானியமும் கலந்தே பெரும்பாலும் உண்டனர். முழு வெள்ளைச் சோற்றுருண்டை அவர்க்கு ஒரு விருப்பம், திருநாளின் உணவு. நண்டிடம் இருந்த சோற்றுருண்டையை, ஒரு பழவிதையைக் காட்டி ஏமாற்றிப் பறித்த குரங்கின் கதையை ஜப்பானியக் குழந்தைகள் யாவரும் அறிவர். பசி தெரிந்த மக்களே அவ்வாறு கதை கட்டுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகைவண்டி வந்தது. 1885-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உட்சுனோமியா என்னும் நிலையம் திறக்கப்பட்டபோது, உமெபோஷி வைத்த இரண்டு சோற்றுருண்டைகளும் முள்ளங்கி ஊறுகாயும் மூங்கில் மடலில் கட்டி 5 சென் விலைக்கு விற்கப்பட்டன என்றும், நிலையத்தில் விற்ற உணவுப் பொதிகளுள் அதுவே முதலாவது என்றும் பொதுவாகக் கூறுவர். அப்பெருமைக்கு வேறு நிலையங்களும் உரிமை கொண்டாடுவதுண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1889-இல், யாமாகாதா மாவட்டத்துத் சுருஒகா நகரில், பௌத்தக் கோயில் ஒன்றில் நடந்த பள்ளியில் ஏழைச் சிறுவர்களுக்கு நண்பகலுணவு இலவசமாக அளிக்கப்பட்டது. சோற்றுருண்டை, உப்பிட்டுச் சுட்ட மீன், ஊறுகாய் — இவையே அவ்வுணவு. துறவியர் வீடுதோறும் சென்று இரந்து பெற்ற பொருளைக்கொண்டு அது நடந்தது. ஜப்பானியப் பள்ளி உணவுத் திட்டத்தின் தொடக்கமாக இதனையே குறிக்கின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சோறு கண்ட துயரம் பெரிது. 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகி நகரின்மேல் அணுகுண்டு வீசப்பட்டது. மறுநாள் காலை யாமாஹாதா யோசுகே என்னும் படைத்துறைப் புகைப்படக்காரர் அந்நகரில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றுள் ஒன்றில் ஒரு சிறுவன் நிற்கிறான். முகத்தில் காயம், கையிலே உதவிப் பணியாளர் கொடுத்த சோற்றுருண்டை. அவன் அதை இன்னும் வாயில் வைக்கவில்லை. 1955-ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கி உலகைச் சுற்றிய 'மனிதக் குடும்பம்' என்னும் படக் காட்சியில் அப்படமும் இடம்பெற்றது. போரின் கொடுமையைப் பல நூல்கள் விரித்துரைக்கின்றன; அச்சிறு கையும் அதிலுள்ள சோறும் சொல்வதை அவை யாவும் சேர்ந்தும் சொல்லிவிட முடியுமோ என்று நாம் எண்ணுவதுண்டு.

போருக்குப் பின்னர் நோரி விளைச்சலும் நொடித்துப்போயிற்று. அப்பாசியின் வித்து கோடைக்காலத்தில் எங்கே மறைகிறது என்பதை வலையிட்டு வளர்த்தோரும் அறியார். விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. மான்செஸ்டர் நகரில் ஆய்வு செய்த காத்லீன் ட்ரூ பேக்கர் என்னும் அம்மையார், அவ்வித்து கிளிஞ்சல்களின் ஓட்டுக்குள் புகுந்து வேறோர் உருவில் வாழ்கிறது என்பதைக் கண்டு 1949-இல் வெளியிட்டார். திருமணமான பெண்டிரைப் பணியில் அமர்த்தாத விதியால் அவர் ஊதியமின்றியே அங்கு ஆய்ந்து வந்தவர். அவருடைய முடிவைப் பற்றிக்கொண்டு ஜப்பானிய அறிஞர்கள் பாசியைத் தாமே விதைக்கும் முறையை வகுத்தனர். அம்மையார் ஜப்பானைக் கண்ணாற் காணாமலே 1957-இல் மறைந்தார். 1963-இல் குமாமோட்டோ மாவட்டத்து ஊட்டோ என்னும் கடலோர ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-இல் பாசி வளர்ப்போர் அங்கே கூடி அவரை வணங்குகின்றனர்.

1978-ஆம் ஆண்டு செவன் இலெவன் கடைகள், பாசித்தாளுக்கும் சோற்றுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் உறை இட்டு, உண்ணும் வேளையில் உருவி எடுக்கும்படியாக உருண்டைகளை விற்கத் தொடங்கின. தாளின் மொறுமொறுப்புக் கெடவில்லை. தாய் பிடித்த சோறு கடைச் சரக்காயிற்று. ஆனால் கை அதனை முற்றிலும் விட்டுவிடவில்லை என்பதை 1995 ஜனவரி 17 காட்டியது. அன்று விடியற்காலையில் கோபே நகரையும் சுற்றுப்புறத்தையும் நிலநடுக்கம் குலைத்தது. 6,400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நீருமின்றி நெருப்புமின்றித் தவித்தோருக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த தொண்டர்கள் சோற்றுருண்டைகளைப் பிடித்துக் கொடுத்தனர். அதன் நினைவாக 2000-ஆம் ஆண்டு முதல் ஜனவரி 17-ஐ 'ஒமுசுபி நாள்' எனக் கொண்டாடுகின்றனர். 'இணைத்தல்' என்னும் பொருளுடைய பெயரையே அந்நாளுக்குத் தேர்ந்துகொண்டதை நேயர்கள் நோக்க வேண்டும்.

இனிச் செய்முறை. முதலில் அரிசி. ஜப்பானிய அரிசி குறுமணியானது; அதில் 'அமைலோஸ்' என்னும் மாச்சத்து குறைவு. அதனால் வெந்தபின் பருக்கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நம் புழுங்கலரிசி உதிரும், பாஸ்மதியும் பிடிபடாது. ஆனால் நாம் குடியேறி வாழும் ஊர்களிலேயே பொருத்தமான அரிசிகள் உண்டு. கல்கத்தாவில் உள்ளோர்க்குக் கோபிந்தபோக், பம்பாயிலும் புனாவிலும் உள்ளோர்க்கு அம்பேமோஹர் — இரண்டும் குறுமணிப் பச்சரிசிகள், குழைந்து ஒட்டுபவை. அஸ்ஸாமில் உள்ளோர் அங்கு விளையும் போரா என்னும் ஒட்டரிசியில் சிறிது எடுத்து, சாதாரணப் பச்சரிசியுடன் கலந்துகொள்ளலாம்.

300 கிராம் அரிசியைக் கழுநீர் தெளியும்வரை களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை இறுத்துவிட வேண்டும். பின்னர் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, மூடியிட்டுக் கொதிக்கவிட்டு, தணலைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, இறக்கியபின் மூடியைத் திறவாமல் இன்னும் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அரிசியின் வகைக்கேற்ப நீரைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம். கஞ்சி வடிக்கலாகாது. சூஷி என்னும் உணவுக்குப் போலக் காடி சேர்ப்பதும் கூடாது. இதற்கு உப்பு மட்டுமே.

சோறு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும், ஆறினால் பிடிபடாது. நன்கு கழுவிய கைகளை நீரில் நனைத்து, உள்ளங்கையில் இரண்டு சிட்டிகை உப்பைத் தடவி, 100 கிராம் அளவு சோற்றை எடுத்து, நடுவில் குழிசெய்து ஊறுகாயை வைத்து மூட வேண்டும். உமெபோஷி கிடைக்காவிடில் எண்ணெயில்லாத நாரத்தங்காயோ, விதை நீக்கிய எலுமிச்சை ஊறுகாயோ போதும். ஒரு கையைத் தொட்டில்போல் வளைத்து, மற்றொரு கையைக் கூரைபோல் மடக்கி, திருப்பித் திருப்பி நான்கைந்து முறை அழுத்தினால் முக்கோணம் அமையும். கொழுக்கட்டைக்குப்போல் இறுக்கலாகாது, வெளியே கட்டுக்கோப்பும் உள்ளே நெகிழ்ச்சியும் இருக்க வேண்டும். மேலே சொன்ன அளவுக்கு ஆறு உருண்டைகள் கிடைக்கும். நோரி கிடைத்தால் அனலில் லேசாக வாட்டிச் சுற்றலாம். இல்லையேல் உருண்டையைத் தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்க வாட்டி உண்ணலாம். அதுவும் ஜப்பானிய முறையே. விரலில் புண் இருப்போர் வெறுங்கையால் பிடிக்கலாகாது. கோடையில் சில மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும்.

ஊரை விட்டு வடக்கே வேலைக்குப் புறப்பட்ட நாளில் நம்மில் பலருக்கு ஒரு பொட்டலம் கிடைத்திருக்கும். புளியோதரையோ தயிர்ச்சோறோ, வாழையிலையில் வைத்து, மேலே நூல் சுற்றியிருக்கும். விஜயவாடா கடந்ததும் அவிழ்த்தோம். நாகபுரிக்கு முன்பே தீர்ந்துபோயிற்று. இன்று நம் பிள்ளைகள் தில்லிப் பள்ளிகளுக்கு ரொட்டி எடுத்துச் செல்கின்றனர். கட்டுச்சோறு என்னும் சொல்லே அவர்களுக்குப் புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அடுக்களையில் அருகே இருத்தி, இந்த ஜப்பானிய உருண்டையை அவர்கள் கையாலேயே பிடிக்கச் செய்யலாம். அப்போது நம் பாட்டி கட்டிக் கொடுத்த சோற்றின் கதையையும் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.